ஓடுனா ஆறு மார்க்கு

வா மாப்ள, அந்தக் கோழிய விரட்டிட்டுத் திண்ணையில உக்காரு. மகன் பத்தாவது தேறிட்டானாம்ல, கேள்விப்பட்டேன். பதினொண்ணுல அஞ்சாவது பாடமா என்னத்த எடுக்குறதுன்னு யோசனை கேட்டு வந்திருக்கே. படிச்சவன், பட்டணம் பாத்தவன்னு ஊருல எம்புட்டோ பேரு இருக்கையில ஆடு மேய்ச்ச எங்கிட்ட வந்தே பாரு, அதுலயே தெரியுது, அவங்க எல்லாத்துக்கிட்டயும் கேட்டு முடிச்சாச்சுங்கிறது.

பய ஓடுவானாப்பா? ஓடமாட்டான். வெயில்ல நின்னா? தலைவலி வந்துரும். வேர்த்தா சளி பிடிக்குமா? பந்து பக்கத்துல வந்தா கண்ண மூடிக்கிருவானா? நல்லதாப் போச்சு. நீயும் கண்ண மூடிக்கிட்டு அவன உடற்கல்வியில சேத்துவிடு. அவனுக்குன்னே அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி ஒரு பாடம்.

சிரிக்காத மாப்ள, அனுபவத்துல சொல்றேன். மஞ்ச வேன்ல ஏறி காரைக்குடிப் பக்கம் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கூடத்துக்குப் போகுதே எங்க பேத்தி, இந்த வருசம் பன்னெண்டு. அதுக்கு அஞ்சாவது பாடம் இதுதான். ராத்திரி எட்டு மணியானா சத்தம் போட்டுப் படிக்கும். நான் கயித்துக் கட்டில்ல கிடந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். ரெண்டு வருசமாக் கேட்டதுல நானே பரீச்சை எழுதிருவேன், ஹால் டிக்கெட்டுதான் குடுக்க மாட்டாய்ங்க.

மொத்தம் நூறு மார்க்கு. அதுல 70 எழுத்து. மூணு மணி நேரம் பெஞ்ச விட்டு அசையாம உக்காந்து, ஆடுறதப் பத்தியும் ஓடுறதப் பத்தியும் எழுதணும். மிச்சம் 30 செய்முறை. ஐயய்யோ, முப்பதுக்கு ஓடணுமான்னு மூஞ்சி சுண்டாத. அதையும் தீபாவளிக் கறி மாதிரி கூறு போட்டு வச்சிருக்காய்ங்க. உடல் தகுதிச் சோதனைக்கு 6, ஏதாவது ஒரு வெளையாட்ட ஆடிக் காட்டுறதுக்கு 7, யோகாசனத்துக்கு 7, ரெக்கார்டு நோட்டுக்கு 5, வாத்தியாரு கேள்வி கேட்டா வாயால பதில் சொல்றதுக்கு 5. கணக்குப் பண்ணிப் பாரு. ஓடுனா ஆறு, ஓடுனத எழுதுனா அஞ்சு, ஓடுனதப் பேசுனா அஞ்சு. பய பேச்சுல எப்படி? அப்பன மாதிரின்னா அந்த அஞ்சு இப்பவே கையில.

அந்த ஆறு மார்க்குக்கு என்ன செய்யணும்னு கேளு. 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், காலை நீட்டி உக்காந்து குனிஞ்சு எட்டித் தொடுறது, மல்லாக்கப் படுத்து எந்திரிக்கிறது, தண்டால். பொம்பளப் புள்ளைகன்னா முட்டி போட்டுக்கிட்டுத் தண்டால் எடுத்தாப் போதும். அப்புறம் எடையையும் ஒசரத்தையும் அளந்து ஒரு கணக்கு. எடைய ஒசரத்தால ரெண்டு வாட்டி வகுத்தா ஆளு மெலிவா, சரியா, ஊதலான்னு தெரிஞ்சிருமாம். நாம சந்தையில குட்டி பிடிக்கையில முதுகெலும்புல ரெண்டு வெரல வச்சு அமுக்கிப் பாத்து சொல்லிர மாட்டமா? அதுக்குத்தான் கால்குலேட்டரு.

600 மீட்டர்னா எம்புட்டுத் தூரம்னு புள்ளைகிட்ட கேட்டேன். தெரியல. இந்தத் திண்ணையிலருந்து பெரிய கண்மாய் மடை வரைக்கும்னு வையி. அம்புட்டுத் தூரம் போயி உங்க அப்பத்தாளுக்குத் தூக்குவாளியில கஞ்சி குடுத்துட்டு வா தாயின்னு நேத்து சொன்னேன். ஸ்கூட்டி சாவி எங்கன்னு தேடிட்டுப் போச்சு.

இன்னொரு வேடிக்கை. அந்தப் புள்ள நியூட்டனுக்குப் பயந்துதான் சயின்ஸ் குரூப்பே வேணாம்னு ஓடுச்சு. ஒம்பதாவதுல அந்தாளு மூணு விதி சொல்லி உசுர வாங்குனான், இனி என் கண்ணுல படக்கூடாதுன்னு காமர்ஸ் எடுத்துச்சு. அப்படியே மூச்சு விடுறதுக்காக உடற்கல்வியையும் எடுத்துச்சு. பன்னெண்டாவது புத்தகத்தத் தொறந்தா, அங்கன முன்னாடியே போயி உக்காந்திருக்கான் நியூட்டன்! நீச்சக்காரன் சுவத்த ஒதச்சா சுவரு அவன முன்னால தள்ளுது, இது மூணாவது விதி. எறியுற குண்டு எந்தக் கோணத்துல போகுது, உராய்வு நல்லதா கெட்டதா. ஒரு வாரம் சாப்பாடு இறங்கல அதுக்கு. நான்தான் சொன்னேன், தாயி, கண்மாய்க் கரையில வழுக்கி விழுறயே, அங்க உராய்வு இல்ல. விழுந்ததும் முட்டி தேயுதே, அங்க உராய்வு இருக்கு, எழுதிக்கன்னு. எழுதிக்கிருச்சு. மார்க்கு போட்டாகளா என்னன்னு தெரியல.

ரெக்கார்டு நோட்டப் பத்தி தனியாச் சொல்லணும். அதுதான் மாப்ள உசத்தி. புள்ள கபடிய எடுத்திருந்துச்சு. எடுத்துச்சுன்னா ஆடலப்பா, நோட்டுல எடுத்துச்சு. நாலு ராத்திரி, ஒரு அடி ஸ்கேலு, கலர் கலரா ஸ்கெட்ச் பேனா. பொம்பளைக ஆடுற களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நடுக்கோட்டுலருந்து 3 மீட்டர்ல ஒரு கோடு, அதுலருந்து ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் லாபி. பாடிப் போறவளுக்கு 30 நொடி. ஒரு பக்கத்துக்கு ஏழு பேரு. ஏழு பேரையும் வட்டம் வட்டமா வரைஞ்சு, உள்ள ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு, ஒரு தாளு கோணிப்போச்சுன்னு கிழிச்செறிஞ்சு திரும்ப வரைஞ்சுச்சு. அந்தக் களத்துல ஒரு பொட்டுத் தூசி கிடையாது. வெள்ளக்காரன் வீட்டு மேசத்துணி மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு.

இதே புள்ள எட்டாவது படிக்கையில கோடையில கண்மாய் வத்திக் கிடக்கும்போது, கோலப்பொடியில கோடு போட்டு பயகளோட ஆடுன ஆட்டம் எனக்குத் தெரியும். மீன்கொத்தி மாதிரி போகும், தொடும், வந்துரும். பிடிக்கப் போன தடிப்பயக ரெண்டு பேரு ஒருத்தன ஒருத்தன் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிப்பாய்ங்க. அப்புறம் பெரிய மனுசி ஆனதும் அதோட ஆத்தா, போதும்டி ஆடுனதுன்னு சொல்லிட்டா. இப்ப பாடத்துல, பொம்பளைக வெளையாடுறதால ஒடம்புக்கு என்ன நன்மை, மனசுக்கு என்ன நன்மை, சமுதாயத்துக்கு என்ன நன்மைன்னு ஒரு பகுதி இருக்கு. அதப் புள்ள படிச்சுக்கிட்டு இருக்கையிலதான் அடுப்படியிலருந்து சத்தம் வருது: "ஏண்டி, மெதுவாப் படி, தெருவுல ஆம்பளைக போறாக!" நான் ஒண்ணும் பேசல. பெரியவுக பேச்சுல நான் தலையிடுறதில்ல.

ஆனா ஒண்ணு, படிப்பு வீணாப் போகாது. போன மாசி மாசம் நம்ம ஊருக் கபடிப் போட்டிக்கு 19 டீம் வந்துச்சுல்ல, புள்ள ஒரு தாள எடுத்துட்டு வந்துருச்சு. ஐயா, 19 டீம்னா, ரெண்டு, நாலு, எட்டுன்னு பெருக்கிக்கிட்டே போனா அடுத்து வர்ற பெரிய கணக்கு 32. முப்பத்திரண்டுலருந்து 19 போனா 13. பதிமூணு டீமுக்குப் பை குடுக்கணும்னுச்சு. எனக்கு வெளங்கல. தோத்துப் போற பயலுக்குக் கூட நாம துண்டுதான குடுப்போம், ஆடாதவனுக்கு எதுக்கு ஆத்தா பைன்னேன். அது அந்தப் பை இல்லையாம். மொதச் சுத்துல ஆடாமலே அடுத்த சுத்துக்குப் போறதுக்குப் பேரு பையாம். மேல் பாதியில பத்து டீமு, அதுக்கு ஆறு பை. கீழ் பாதியில ஒம்பது டீமு, அதுக்கு ஏழு பை. மொதச் சுத்துல மூணே மூணு ஆட்டம். அப்புறம் பதினாறு டீமு நிக்கும், எட்டு, நாலு, ரெண்டு. வரைஞ்சு காட்டுச்சு, வேப்பங்கொப்பு மாதிரி அழகாத்தான் இருந்துச்சு.

மொத்தம் எத்தன ஆட்டம்னு கூட்டிக்கிட்டே இருந்துச்சு. பதினெட்டுன்னேன். எப்படி ஐயா அதுக்குள்ளன்னுச்சு. ஒவ்வொரு டீமும் ஒரு தடவை தோத்துத்தான் வீட்டுக்குப் போகணும். கோப்பை வாங்குறவன் மட்டும் தோக்கல. அப்ப பத்தொம்பதுல பதினெட்டுத் தோல்வி, பதினெட்டு ஆட்டம். இதுக்கு எதுக்கு ஸ்கேலு? நாங்க செம்புக்குள்ள சீட்டு உருட்டிப் போட்டு, ஒரு சின்னப் புள்ளைய எடுக்கச் சொல்லியே அறுபது வருசம் நடத்துனோம். ஆனா ஒரு விசயம், எங்க செம்புல எப்பவுமே உள்ளூர் டீமுக்குத்தான் சுளுவான ஆளு வரும். அந்த வித்தை எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

எங்க காலத்துல இதுக்கெல்லாம் பாடம் ஏது? டிரில் மாஸ்டருன்னு ஒருத்தரு. காக்கி அரைக்கால் சட்டை, கழுத்துல விசிலு. அவரு ஊதுனா கொக்கு கூட வரிசையில நிக்கும். தாலுகா போட்டிக்கு எங்கள மாட்டு வண்டியில கூட்டிட்டுப் போனாரு. அரை மைல் ஓட்டத்துல நான் ரெண்டாவது வந்தேன். மொதல்ல வந்தவன் செருப்பில்லாம ஓடுனான், நானும் செருப்பில்லாமத்தான் ஓடுனேன், ஆனா அவன் வெறகு சுமக்குறவன், கால் காய்ச்சிருந்துச்சு. எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் குடுத்தாக. இந்தா, இப்ப உனக்கு மோரு குடுத்தனே, அதேதான். அடியில பாரு, 'இரண்டாம் பரிசு'ன்னு வெட்டியிருக்கு, 'டா' தேஞ்சுபோச்சு. உடற்கல்வியில நான் வாங்குன பட்டம் அதுதான். மார்க்கு லிஸ்ட்ட கரையான் தின்னுருச்சு. இது இன்னும் ஒழுகல.

நம்ம அரசாங்கப் பள்ளிக்கூடத்துல பத்தாவது பப்ளிக் பரீச்சைக்கு இந்தப் பாடத்துக்குன்னு தாளே கிடையாது. பி.டி. பீரியடு மட்டும் இருக்கும், தை மாசம் வரைக்கும். அப்புறம் கணக்கு வாத்தியாரு கடன் வாங்கிக்கிருவாரு. அந்தக் கடன் திரும்பி வந்ததா சரித்திரம் இல்ல. பி.டி. வாத்தியாருக்கு வேலை இல்லாமப் போகுமேன்னு கவலப்படாத. காலையில பிரேயருக்கு வரிசை நிறுத்த அவரு, லேட்டா வந்தவன கேட்டுல மறிக்க அவரு, தலையில கோடு கோடா முடி வெட்டிட்டு வாற பயகளப் பிடிச்சு நாவிதருகிட்ட அனுப்ப அவரு, சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பத்துக்கு வெள்ளையடிக்க அவரு, எந்த வகுப்புலயாவது சத்தம் வந்தா ஓடிப் போயி முறைக்க அவரு. பள்ளிக்கூடத்துலயே நெசமா ஓடிக்கிட்டு இருக்குறது அந்த மனுசன் ஒருத்தருதான். பந்து ரெண்டு இருக்கும். ஒண்ணுல காத்து இருக்காது, இன்னொண்ணு பீரோவுல இருக்கும்.

அவரு என்ன லேசாவா வந்தாரு அந்த வேலைக்கு? என் தங்கச்சி பேரன் அதுக்கு அலைஞ்சான், அவன் சொல்லித்தான் தெரியும். மூணு வருசம் ஒரு டிகிரி. அப்புறம் பி.பி.எட். அது முன்னாடி ஒரு வருசமா இருந்துச்சு, இப்ப ரெண்டு வருசம். மேல் படிப்பு எம்.பி.எட். இன்னும் ரெண்டு வருசம். மேல் படிப்பும் சேத்தா ஏழு வருசம், ஒரு விசில முறைப்படி ஊதுறதுக்கு. காரைக்குடியில அழகப்பா பல்கலைக்கழகத்துலயே இதுக்குக் கல்லூரி இருக்கு. வண்டலூருக்கு அங்கிட்டு மேலக்கோட்டையூர்ல இதுக்குன்னே ஒரு பல்கலைக்கழகமே இருக்கு, 2005ல ஆரம்பிச்சது. எல்லாத்துக்கும் மூத்தது மெட்ராசுல நந்தனத்துல இருக்குற ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. 1920ல ஹாரி பக்குன்னு ஒரு அமெரிக்கக்காரரு தொடங்குனது. ஆசியாவுலயே அதுதான் மொதலாம். அந்த மனுசன் 1924ல பாரிசு ஒலிம்பிக்குக்கு நம்ம தேசத்து ஆளுகளக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு. பேரே பக்கு, போன எடமோ பாரிசு, கூடப் போன நம்மாளுகளுக்கு எப்படிப் பக்குப் பக்குன்னு இருந்திருக்கும்!

தங்கச்சி பேரன் அம்புட்டையும் படிச்சு முடிச்சு இப்ப ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல சேந்திருக்கான். என்ன வேலை செய்யுறன்னு கேட்டேன். வேனுக்குப் பின்னாடி நின்னு 'வா வா ரைட்டு ரைட்டு' சொல்றானாம். விசிலு உபயோகப்படுதுல்ல, அது போதும்.

உன் பொண்டாட்டி, வெளையாட்டுச் சர்டிபிகேட்டு இருந்தா இன்சினீரிங் சீட்டு சுளுவாமேன்னு கோயில்ல வச்சு விசாரிச்சா. இருக்கு மாப்ள. கவுன்சிலிங்குல அதுக்குன்னு 500 சீட்டு ஒதுக்கி வச்சிருக்கு, சர்க்கார் வேலையிலயும் நூத்துக்கு மூணு. ஆனா ஒரு சங்கடம். அது புத்தகம் படிக்கிற வெளையாட்டு இல்ல, மாவட்டம் மாநிலம்னு போயி ஜெயிக்கிற வெளையாட்டு. அதுக்குக் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். உன் வீட்டுல அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறது சேவல் மட்டுந்தான். அதையும் போன ஞாயித்துக்கிழமை அடிச்சுட்டீங்க.

சரி, கடைசியா ஒரு கூத்தச் சொல்றேன், கேட்டுட்டுப் போ. போன வாரம் புள்ள ஒரு நாற்காலியத் தூக்கியாந்து இந்த வாசல்ல போட்டுச்சு. ரிக்லி, ஜோன்ஸ்னு அமெரிக்காவுல ரெண்டு அம்மாக்க இருக்காகளாம். கிழடு கட்டைகளுக்குன்னு ஒரு சோதனை கண்டுபிடிச்சு வச்சிருக்காக. அதுவும் பாடத்துல இருக்கு. வீட்டுல இருக்குற பெரியவுகள வச்சுச் செஞ்சு பாத்து எழுதிட்டு வரச் சொல்லியிருக்காக வாத்தியாரம்மா. அறுபது வருசம் கழிச்சு எனக்கு மறுபடி பரீச்சை.

கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு நாற்காலியிலருந்து எந்திரிக்கணும், உக்காரணும், 30 நொடி. புள்ள செல்போன அமுக்கிட்டு எண்ணுச்சு. பதிமூணு. எழுபத்தாறு வயசு ஆம்பளைக்குப் பதினொண்ணுலருந்து பதினேழுக்குள்ள இருந்தா சரியாம். அப்புறம் ஒரு கைய தோளுக்கு மேல விட்டு, ஒரு கைய முதுகுக்குக் கீழ விட்டு, ரெண்டு கை வெரலும் சந்திக்குதான்னு ஸ்கேல வச்சு அளந்துச்சு. சந்திச்சிருச்சு. அறுபது வருசமா எனக்கு நானே முதுகு சொறிஞ்ச பழக்கம், உங்க அத்தை எங்க சொறிஞ்சா? அப்புறம் மூணரைக் கிலோ சொச்சம் எடைய மடக்கி மடக்கித் தூக்கணும். டம்பெல்லு இல்ல. ரேசன் அரிசிய மஞ்சப் பையில கட்டிக் குடுத்துச்சு. பாதியில பை அந்து, கோழிகளுக்கு விருந்து. அப்புறம் எந்திரிச்சு, எட்டடி தூரத்துல வச்ச சொம்பச் சுத்திட்டு வந்து உக்காரணும். சொம்புல தண்ணி இருந்துச்சு, குடிச்சிட்டு வந்தேன். அதனால ரெண்டு நொடி கூடிப்போச்சாம்.

அடுத்து உங்க அத்தை. நாற்காலியப் பாத்துட்டு, "இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து நான் எதுல உக்காந்தேன் நாற்காலியில?"ன்னு தரையில குந்துனா, எந்திரிச்சா, குந்துனா, எந்திரிச்சா. கை ஊனல. புள்ள புத்தகத்தப் புரட்டிப் பாக்குது, தரையில குந்துறதுக்கு அதுல கட்டமே இல்ல. அமெரிக்காவுல தரை கிடையாது போலருக்கு. சரி அப்பத்தா, அத விடுங்க, ஆறு நிமிசம் நடங்க, எம்புட்டுத் தூரம்னு அளக்கணும்னுச்சு. நடக்கணும், அம்புட்டுத்தானன்னு கேட்டுட்டு உங்க அத்தை நடந்தா. பிள்ளையார் கோயில் முக்கு வரைக்கும் தெரிஞ்சா. அங்கிட்டுத் திரும்புனா. ஆறு நிமிசம் முடிஞ்சு செல்போன் கத்துச்சு. ஆளக் காணோம். புள்ள முக்கு வரைக்கும் ஓடிப் போயி பாத்துட்டு மூச்சு வாங்க வந்து உக்காந்துருச்சு.

பொழுதடையத் தலையில புல்லுக்கட்டோட வந்து சேந்தா. நடந்ததுதான் நடந்தோம், அப்படியே வயக்காடு போயி மாட்டுக்குப் புல்லு அறுத்துட்டு வந்துருவோம்னு போனாளாம். அதுக்குள்ள புள்ள நோட்ட முடிச்சு பிரவுன் அட்டை போட்டு லேபிளும் ஒட்டிருச்சு. நேத்து கண்ணாடியப் போட்டுக்கிட்டு எடுத்துப் பாத்தேன். எம்பேருக்கு நேரா நம்பரு நம்பரா எழுதி, கடைசியில 'நன்று'ன்னு இருந்துச்சு. உங்க அத்தை பேருக்கு நேரா ஆறு கட்டத்துலயும் கோடு போட்டு, ஓரத்துல சிவப்பு மையில எழுதியிருந்துச்சு: ஆப்சென்ட்.